புகை மாதிரி இருக்கு: வானத்தை வரைவது குறித்து

2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. மாட்டுப் பொங்கல். அன்றைக்கே தை அமாவாசையும் வந்துவிட்டது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முன்னோருக்குத் திதி கொடுக்க வந்த கூட்டம் ஒரு பக்கம், வளையச் சூரிய கிரகணம் பார்க்க வந்த கூட்டம் இன்னொரு பக்கம். கிரகணத்தின் மையக்கோடு தனுஷ்கோடிக்கு மிக அருகில் போனது. பத்து நிமிடத்துக்கும் மேல் சூரியன் வளையமாக நிற்கும் என்று சொன்னார்கள். முகுந்தராயர் சத்திரம் வரைக்கும்தான் அப்போ தார் ரோடு. அதற்கப்புறம் மணலில் வேன். நான் எட்டாம் வகுப்பு. கையில் பரீட்சை அட்டை, காம்பஸ் பாக்ஸ், நாலு ஸ்கெட்ச் பேனா.

அன்றைக்கு வரைந்த படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. காம்பஸ் வைத்துப் போட்ட இரண்டு வட்டம், ஒரே மையம். உள்ளே கறுப்பு, இடையில் ஆரஞ்சு. கோடு எங்கேயும் பிசகவில்லை. அதுதான் பிரச்சனை. அந்தப் படத்தை வரைய நான் தனுஷ்கோடிக்குப் போயிருக்கவே வேண்டாம். முந்தின நாள் பேப்பரில் வந்த படமே போதும். என் கை அதைத்தான் திரும்பப் போட்டது.

அங்கே பார்த்தது வேறு. இருட்டவில்லை. வெயில் இருந்தது, ஆனால் அதன் வேகம் மட்டும் போய்விட்டது. என் நிழலின் விளிம்பு ஒரு பக்கம் பிளேடால் வெட்டின மாதிரி கூராக இருந்தது. வளையம் பத்து நிமிடமும் ஒரே தடிமனில் இல்லை, ஒரு பக்கம் மெலிந்துகொண்டே வந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கடலோரம் இருந்த ஓலைக் குடிசையின் ஓட்டைகள் வழியாக மணலில் நூறு குட்டிச் சூரியன்கள் விழுந்திருந்தன, ஒவ்வொன்றும் வளையமாக. அதை ஒரு சின்னப் பெண் கையில் பிடிக்கப் பார்த்தாள். இதில் ஒன்றுகூட என் தாளில் இல்லை.

வானப் பொருள்களைத் தொலைநோக்கியில் பார்த்துப் பென்சிலால் வரைகிற பழக்கம் உலகம் முழுக்க அமெச்சூர் வானியலாளர்களிடம் இருக்கிறது. நானும் பதினைந்து வருடமாக விட்டுவிட்டுச் செய்துகொண்டிருக்கிறேன். இலக்கியப் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்கலாம். இந்தப் படங்களை ஒரு கவிதையையோ கதையையோ வாசிக்கிற மாதிரி வாசிக்க முடியும் என்பது என் எண்ணம். இதில் எது கண்ணால் பார்த்தது, எது தெரிந்ததை வைத்து இட்டு நிரப்பியது? எழுத்திடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது, பெரும்பாலும் கேட்காமல் விடுவது.

எப்படி வரைகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தாளில் ஒரு வட்டம். அதுதான் ஐபீஸில் தெரிகிற வானத்தின் எல்லை. சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச். வேறு வெளிச்சம் எதுவும் கூடாது. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு நொடி போன் திரையைப் பார்த்தால் எல்லாம் போச்சு. முதலில் பிரகாசமான நாலைந்து நட்சத்திரங்களைக் கடிகார முள் கணக்கில் குறிக்க வேண்டும்: இது இரண்டு மணி, அது ஏழரை மணி. அப்புறம் மங்கலானவை. கடைசியில்தான் நெபுலாவோ விண்மீன் கூட்டமோ, அந்தப் புகை. பென்சில் தூளை விரலால் அல்லது தாளைச் சுருட்டிச் செய்த குச்சியால் தேய்ப்பது. நட்சத்திரம் கறுப்பு, வானம் வெள்ளை. எல்லாம் தலைகீழ். தொலைநோக்கியை நகர்த்தாமல் விட்டால் எந்தப் பக்கமாக நட்சத்திரம் வெளியே போகிறதோ அது மேற்கு. அதையும் குறிக்க வேண்டும். தேதி, நேரம், காற்று.

மங்கலான ஒன்றை நேராகப் பார்த்தால் தெரியாது. கண்ணின் நடுப்பகுதி நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் ஆனது. மங்கல் வெளிச்சத்தைப் பிடிப்பது அதைச் சுற்றியிருக்கிற பகுதி. அதனால் பார்க்க வேண்டியதற்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்க வேண்டும். ஓரக்கண். இதை எனக்குச் சொல்லித்தந்தது எந்தப் புத்தகமும் இல்லை, நாட்டுப் படகில் போகிற பக்கத்து வீட்டு மாமா. "ராத்திரி கடல்ல தூரத்து வௌக்க நேரா பாக்கக் கூடாது தம்பி, ஓடிப்போயிரும். பக்கத்துல பாத்தா தானா வரும்."

வரைகிற இடம் மண்டபத்தில் பெரியப்பா வீட்டு மொட்டை மாடி. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இந்தப் பக்கத்து ஆட்கள் முன்னதைப் பெண்கடல் என்பார்கள், பின்னதை ஆண்கடல் என்பார்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்குச் சற்று மேல். ஆகவே துருவ நட்சத்திரம் வடக்கே ஒன்பது பாகை உயரத்தில்தான். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அந்த உயரம். தெற்கே சிலுவைக் கூட்டம் இருபது பாகைக்கு எழும். அகத்தியர் நட்சத்திரம் இன்னும் மேலே. ஐரோப்பாவில் உட்கார்ந்து வரைகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணில் படவே வாய்ப்பில்லாத வானம் இது. பெரிய மெகல்லன் மேகம் பதினொரு பாகை உயரத்துக்கு வர வேண்டும். கடல் ஈரத்தில் அது கரைந்துபோகும். 'பார்த்ததாக நினைக்கிறேன்' என்று இரண்டே தடவைதான் நோட்டில் எழுதியிருக்கிறேன். உப்புக் காற்றில் ஸ்டாண்டின் திருகாணி எல்லாம் துருப்பிடிக்கும். வாடை அடிக்கிற மாதங்களில் தாள் நமுத்துப் பென்சில் ஏறாது. நல்ல வானம் என்றால் மாசியிலிருந்து, கச்சான் வலுக்கிற வரைக்கும்.

அதிலும் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கடலில் விளக்கு குறையும். சம்பாத்தியம் இல்லாத அந்த நாட்கள்தான் எனக்கு வானம் கிடைக்கிற நாட்கள் என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த மாதங்களின் இரவில் ஒரு விசேஷம் உண்டு. வடக்கே 'எம்51' என்கிற சுருள் விண்மீன் கூட்டமும், தெற்கே 'ஒமேகா சென்டாரி' என்கிற மாபெரும் கோளக் கொத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும். ஒன்று பெண்கடல் மேல், மற்றது ஆண்கடல் மேல். தொலைநோக்கியை அப்படியே திருப்பினால் போதும்.

2016 தடைக்காலத்தில் நான் எம்51ஐ வரைந்தேன். என்னிடம் இருந்தது 114 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னத் தொலைநோக்கி. அப்பத்தாவும் மாடிக்கு வந்திருந்தாள். வலது கண்ணில் புரை நீக்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது, இடது கண் இன்னும் பாக்கி. ஸ்டூலில் உட்கார வைத்து வலது கண்ணால் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்ன தெரியுது அப்பத்தா?"

"புகை மாதிரி இருக்கு. ரெண்டு புகை. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

அந்தக் கருவியில் எம்51 அப்படித்தான் தெரியும். பெரிய கூட்டம் ஒரு புகை, அதன் துணைக் கூட்டம் இன்னொரு புகை. நான் வரைந்து முடித்த படத்தில் இரண்டு அழகான சுருள் கரங்கள் இருந்தன. ஒரு கரம் நீண்டுபோய்த் துணைக் கூட்டத்தைத் தொட்டது. அப்பத்தா டார்ச் வெளிச்சத்தில் தாளைப் பார்த்துவிட்டு, "இது எங்கடா இருக்கு?" என்றாள்.

"இருக்கு அப்பத்தா. பெரிய டெலஸ்கோப்புல தெரியும்."

"நீ பெரிய டெலஸ்கோப்புலயா பாத்த?"

அந்தப் படத்துக்கு ஒரு கல்லூரிக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. கீழே தேதியும் 114 மிமீ என்பதும் என் கையெழுத்தில் தெளிவாக இருக்கின்றன. பார்த்த ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லோரும் எம்51ஐ போட்டோவில் பார்த்திருந்தார்கள், என் படம் அந்த போட்டோவைப் போலவே இருந்தது. அப்பத்தா மட்டும்தான் போட்டோ பார்க்காதவள்.

சுருள் கரங்களை முதலில் வரைந்தவர் அயர்லாந்தின் ராஸ் பிரபு. 1845இல், 72 அங்குலக் கண்ணாடி வைத்த ராட்சசத் தொலைநோக்கியில் பார்த்து. அதற்கு முன் 1833இல் வெளியான ஜான் ஹெர்ஷலின் படத்தில் இதே பொருள் நடுவில் ஒரு உருண்டை, சுற்றிலும் பாதி பிளந்த ஒரு வளையம். ஹெர்ஷல் படம் தப்பு, ராஸ் படம் சரி என்று பாடப்புத்தகம் சொல்லும். நான் அப்படி வாசிக்க மாட்டேன். ஹெர்ஷலின் கருவியில் வளையம்தான் தெரிந்தது, அவர் வளையத்தை வரைந்தார். சுருள் தெரிந்தவர் சுருளை வரைந்தார். இரண்டு பேரும் நேர்மையான சாட்சிகள். நான்தான் ஹெர்ஷலைவிடச் சின்னக் கருவியை வைத்துக்கொண்டு ராஸ் பிரபுவின் படத்தை வரைந்தவன்.

ராஸ் பிரபுவிடமும் சறுக்கல் உண்டு. இதைவிடச் சிறிய கருவியில் பார்த்து அவர் வரைந்த இன்னொரு நெபுலாவுக்கு நாலா பக்கமும் இழை இழையாகக் கால்கள் இருந்தன. அந்தப் படத்தால் அதற்கு நண்டு நெபுலா என்று பெயர் வந்தது. பெரிய கருவியில் அந்த உருவம் தெரியவில்லை, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தக் கரையில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் படத்தில் இருப்பது எந்த ஊர் நண்டும் இல்லை. ஆனாலும் அந்தத் தப்பை எனக்குப் பிடிக்கும். அது கண் செய்த தப்பு. இருக்கிற மங்கலை வைத்துத் தடுமாறியிருக்கிறது. என்னுடையது கை செய்த தப்பு.

கண் செய்கிற தப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செவ்வாய்தான் உதாரணம். 1877இல் மிலானில் ஷியாபரெல்லி செவ்வாயின் மேல் கோடுகள் வரைந்தார். இத்தாலியச் சொல்லுக்கு வாய்க்கால் என்றும் பொருள் உண்டு, இயற்கையான ஓடை என்றும் பொருள் உண்டு. ஆங்கிலத்தில் போனபோது அது வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. பெர்சிவல் லோவல் என்ற பணக்கார அமெரிக்கர் 1894இல் அரிசோனாவில் சொந்தமாக ஆய்வகமே கட்டி, நூற்றுக்கணக்கான கால்வாய்களை வரைந்து, அவற்றை வெட்டிய ஒரு நாகரிகத்தையே எழுதினார். லோவல் பொய்யர் இல்லை. உட்கார்ந்து, பார்த்து, வரைந்தவர்தான். 1903இல் மாண்டர் என்ற வானியலாளர் கிரீன்விச் பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். கோடே இல்லாமல் ஒழுங்கற்ற புள்ளிகள் மட்டும் உள்ள ஒரு வட்டத்தைத் தூரத்தில் வைத்து, பார்த்து வரையச் சொன்னார். நடுத்தரத் தூரத்தில் இருந்த பையன்கள் கோடு வரைந்தார்கள். கண் தாங்காத சின்னப் புள்ளிகளை மூளை சேர்த்துத் தைத்துவிடுகிறது. லோவல் வெள்ளிக் கிரகத்திலும் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரிக் கோடுகள் பார்த்தார். தொலைநோக்கியின் வாயை அவர் ரொம்பக் குறுக்கிவைத்ததால் தன் விழித்திரையின் ரத்தக்குழாய்களின் நிழலையே பார்த்து வரைந்திருக்கலாம் என்று நூறு வருடம் கழித்து ஒரு விளக்கம் சொன்னார்கள். அது சரியென்றால், தன் கண்ணைத் தானே வரைந்துவிட்டு அதற்குக் கிரகத்தின் பெயரை வைத்த மனிதர் அவர். நாவலாசிரியர்களில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கால்வாய்க் கதையை முடித்தது 1965 ஜூலையில் மரைனர் 4 அனுப்பிய படங்கள். இங்கே எனக்குப் பிடித்த ஒரு விவரம் இருக்கிறது. படம் எண்களாக வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அதைப் படமாக்கித் தரும் வரை பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. எண்கள் அச்சான தாள் பட்டைகளைச் சுவரில் வரிசையாக ஒட்டி, கடையில் வாங்கி வந்த பாஸ்டல் சாக்கால் எண்ணுக்கு ஒரு நிறமாகக் கையால் தீட்டினார்கள். வரைதலைத் தோற்கடித்த புகைப்படத்தையே முதலில் கையால்தான் வரைய வேண்டியிருந்தது.

வரைதல் தோற்ற இன்னொரு இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1871 டிசம்பர் 12, முழுச் சூரிய கிரகணம். நிழல் மலபார்க் கரையில் ஏறி, நீலகிரி, புதுக்கோட்டை வழியாக வந்து, பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணம் போனது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் வடக்கே தெரிகிற அதே கடல். வழி நெடுக ஐரோப்பிய வானியலாளர்கள் முகாம் போட்டிருந்தார்கள். பேக்கல் கோட்டையில் லாக்யர், ஊட்டிப் பக்கம் ஜான்சென், புதுக்கோட்டையில் இத்தாலியர் ரெஸ்பிகி. லாக்யரின் பயணக் குழுவில் ஓவியர் ஒருவரும் இருந்தார்: ஹென்றி ஹாலிடே. தாந்தேயும் பியாட்ரிசும் பாலத்தருகே சந்திக்கிற புகழ்பெற்ற ஓவியத்தைப் பின்னாளில் வரைந்தவர். சூரியனின் கரோனாவை வரைய ஒரு பெரிய ஓவியரைக் கப்பலேற்றிக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். வரைவதற்கு இருந்தது இரண்டே நிமிடம்தான்.

அந்தக் காலத்தில் கரோனா பற்றி ஒரு சண்டை இருந்தது. ஒரே கிரகணத்தைப் பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் படங்கள்கூட ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒருவர் நாலு மூலைக்கும் கதிர் போடுவார், அடுத்தவர் பூ மாதிரிப் போடுவார். அதனாலேயே கரோனா சூரியனுடையதா, நம் காற்றுமண்டலம் காட்டுகிற மாயமா என்ற சந்தேகம் நீடித்தது. 1871இல் பேக்கல் கடற்கரையில் எடுத்த புகைப்படங்களும், எட்டாயிரம் அடிக்கு மேல் தொட்டபெட்டாவில் எடுத்தவையும் நுணுக்கமான விவரம்வரை ஒத்துப்போயின. கடல் மட்டத்துக் காற்றும் மலைக் காற்றும் ஒரே மாயத்தைக் காட்ட முடியாது. ஆக, கரோனா சூரியனுடையது. இந்த விஷயத்தில் கையால் வரைந்த படங்களின் சாட்சி அத்தோடு கிட்டத்தட்ட முடிந்தது. அறிவியலுக்கு நல்லது, சந்தேகமே இல்லை.

கொடைக்கானலில் மட்டும் ஒரு விசித்திரம். 1904 முதலான சூரியப் புகைப்படத் தட்டுகள் அங்கே இருக்கின்றன. அந்தத் தட்டுகளைப் பார்த்து, சூரியப் புள்ளி, இழை, பிழம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வைத்து, கட்டமிட்ட வட்டத் தாளில் நாளுக்கொன்றாகக் கையால் வரைந்து வைத்தார்கள். நூறு வருடத்துக்கும் மேல். போட்டோ கையிலேயே இருக்கிறது, பிறகு ஏன் வரைந்தார்கள்? வரைந்தால்தான் பார்த்த மாதிரி ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடைக்கானலில் யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்கு அது வேலை.

இன்றைக்கு நண்பர்கள் மொட்டை மாடியில் தானியங்கித் தொலைநோக்கியை வைத்துவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டு வருகிறார்கள். வந்து பார்த்தால் போனில் எம்51 சுருளோடு நிற்கிறது. அழகான படம். கேமரா மணிக்கணக்கில் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கும், கண்ணால் ஒரு நொடிக்குக் குறைவாகத்தான் சேர்க்க முடியும். அந்த போட்டோவின் சிவப்பையும் நீலத்தையும் எந்த மனிதக் கண்ணும் ஐபீஸில் பார்த்ததில்லை. ஒரையன் நெபுலாவே கண்ணுக்குச் சாம்பல் பச்சை. அந்தப் படங்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவற்றைப் பார்த்துவிட்டுக் கண்ணால் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவதில்தான் வருத்தம். "அவ்ளோதானா?" என்று கேட்கிறார்கள். அவ்ளோதான். அந்த 'அவ்ளோ'வை எழுதத் தெரிய வேண்டும்.

நம் எழுத்துக்கு வருகிறேன். ராமேஸ்வரம் பக்கத்தில் ஒரு பள்ளிக் குழந்தையிடம் பிறை வரையச் சொல்லுங்கள். ஆங்கில 'சி' எழுத்தை நிமிர்த்தி நிறுத்தும். நம்முடைய இடத்தில் பிறை பெரும்பாலான மாதங்களில் தோணி மாதிரி மல்லாந்துதான் கிடக்கும், கொம்பு இரண்டும் மேலே. குழந்தை மாதாமாதம் தோணியைப் பார்க்கிறது, புத்தகத்தில் இருக்கிற 'சி'யை வரைகிறது. வடக்கே எங்கேயோ யாரோ பார்த்த நிலா அது. சிறுகதைகளில் இன்னும் மோசம். பௌர்ணமி நிலா நள்ளிரவில் கிழக்கே எழுகிறது. மூன்றாம் பிறை நடுநிசியில் உச்சியில் நிற்கிறது. பௌர்ணமி நிலா சூரியன் மறைகிற நேரத்தில் எழுந்துவிடும். மூன்றாம் பிறை சாப்பாட்டு நேரத்துக்குள் மறைந்துவிடும். காதலர்கள் சந்திக்க வேண்டும் என்பதற்காக நிலா நேரத்தை மாற்றிக்கொள்ளாது. உவா கணக்கு வைத்து நீரோட்டம் பார்க்கிற ஒரு மீனவர் இப்படிச் சொல்லவே மாட்டார். கீழக்கரையில் மாதப் பிறை பார்க்கக் கடலோரம் நிற்பவர்களும் சொல்ல மாட்டார்கள். அங்கே பார்த்தவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். கணக்குப்படி பிறை இருக்க வேண்டும் என்பது வேறு, கண்ணில் பட்டது என்பது வேறு என்ற பேதம் அவர்களுக்கு உயிரானது. நமக்கு 'நட்சத்திரங்கள் கண் சிமிட்டின' என்பதோடு இரவு முடிந்துவிடுகிறது. எந்த நட்சத்திரம்? அடிவானத்துக்குப் பக்கத்தில் இருந்ததா? உச்சியில் இருப்பது அவ்வளவாகச் சிமிட்டாதே.

இதற்கு நேரெதிராக எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பாரதியின் 'சாதாரண வருஷத்துத் தூமகேது'. 1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது எழுதியது. அப்போது அவர் புதுச்சேரியில் இருந்தார். தலையையும் வாலையும் சொல்ல அவர் எடுத்துக்கொள்வது தினையும் பனையும்: ஒரு தினை, அதன்மேல் நிற்கும் ஒரு பனைமரம். இந்த உவமையை அலங்காரம் என்று தாண்டிப் போகிறார்கள். வரைகிறவன் கண்ணுக்கு அது ஒரு ஸ்கெட்ச். தலை எவ்வளவு சின்னது, வால் எவ்வளவு நீளம் என்கிற விகிதம் இருக்கிறது. பனை நிற்கிறது என்றால் வால் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கிறது. விடியலுக்கு முன் கிழக்கே எழும் வால்நட்சத்திரம் அப்படித்தான் நிற்கும். பக்கத்தில் வெள்ளி இருந்ததையும் சொல்கிறார், ஆகவே இடமும் கிடைத்துவிடுகிறது. பென்சிலை எடுத்து அந்த வரிகளிலிருந்தே படம் போட்டுவிடலாம். பிறகு வாலின் உண்மையான நீளம், அது எதனால் ஆனது என்றெல்லாம் சொல்லும்போது, அதைத் தான் பார்த்ததாகச் சொல்வதில்லை, பிறர் சொல்வதாகச் சொல்கிறார். பார்த்தது தன் பெயரில், கேட்டது அடுத்தவர் பெயரில். தமிழில் அறிவியலை எழுதுகிறவர்களும் கதை எழுதுகிறவர்களும் அந்த வினைமுற்றுகளை மட்டும் ஒருதரம் எண்ணிப் பார்த்தால் போதும்.

நான் எண்ணிப் பார்த்தது பரிசு வாங்கிய பிறகுதான். அந்தப் படத்தை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. கிழிக்க மனசு வரவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் பென்சிலால், 'சுருள் பார்த்ததில்லை' என்று எழுதிவைத்தேன்.

அதே தடைக்காலத்தில், மே மாதம், கண்காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து, அப்பத்தாவை மறுபடி மாடிக்குக் கூட்டிப் போனேன். இந்தத் தடவை தெற்கே. ஒமேகா சென்டாரி ஆண்கடல் மேல் முப்பது பாகை உயரத்தில் நின்றது. டாலமி அதை ஒரு நட்சத்திரம் என்றே பட்டியலில் போட்டிருந்தார். 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஹாலிதான் இது நட்சத்திரம் இல்லை, மங்கல் திட்டு என்று குறித்தார். தூமகேதுவுக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி.

அப்பத்தா ஒவ்வொரு கண்ணாக மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஆபரேஷன் ஆனதிலிருந்தே ஒரு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தாள்: வலது கண்ணுக்கு எல்லாம் நீலம் தூக்கலாகத் தெரிகிறது, இடது கண்ணுக்கு எல்லாம் டீ ஊற்றின மாதிரி. புரை விழுந்த வில்லை நீலத்தை உறிஞ்சி மஞ்சளை மட்டும் விடும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. தாளில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டேன்.

"வலது கண்ணு?"

"உப்பு கொட்டுன மாதிரி. நடுவுல அப்பிக் கெடக்கு. ஓரத்துல தனித்தனியா... இல்ல, தனியா இல்ல, தனியா வரப் பாக்குது."

தனியா வரப் பாக்குது. சின்னக் கருவியில் கோளக் கொத்தின் விளிம்பை இதைவிடச் சரியாக எழுதின எவரையும் நான் படித்ததில்லை. ஓரத்தில் பென்சில் முனையை ஊன்றாமல் தொட்டுத் தொட்டு எடுத்தேன்.

"இடது கண்ணு?"

ரொம்ப நேரம் பேச்சில்லை. கீழே தெருவில் யாரோ டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கறை. பழுப்பா. அவ்வளவுதான்."

இடது வட்டத்தின் நடுவே விரலால் ஒரு தடவை தேய்த்தேன். அங்கே எத்தனை லட்சம் நட்சத்திரம் என்று எனக்குத் தெரியும். இரண்டு மூன்று புள்ளியாவது வைக்கலாம் என்று பென்சில் தாளுக்கு மேலேயே நின்றது. அப்பத்தா திரும்பி என் கையைப் பார்த்தாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கீழே எழுதினேன்: 114 மிமீ. காற்று தெற்கிலிருந்து, லேசாக. பார்த்தது அப்பத்தா. வரைந்தது நான்.